கதை படித்துக் கெட்டுப்போனவள்

போன மாதம் நிவேதிதா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். கெட்டிக்காரி, என்மேல் பிரியமும் உண்டு. தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவர்களிடம் நான் வந்து பேச வேண்டும் என்றாள்.

"பீப்பிள் ஸ்கில்ஸ் மேடம். மனுஷங்களோட எப்படிப் பழகுறது, எப்படிப் பேசுறது, அவ்வளவுதான். நீங்க பாக்காத கேஸா? பத்து ஸ்லைடு போதும். நானே டிசைன் பண்ணிக் கொடுத்துடறேன்."

"நீங்க எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேப்பாங்களேம்மா?"

"என்ன கோர்ஸ் பண்ணீங்களோ அதைச் சொல்லுங்க."

"கோர்ஸ்ல கத்துக்கலையே. படிக்கிற வயசுல நாவல் படிச்சுக் கத்துக்கிட்டேன்."

நிவேதிதா சிரித்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள். "அதை மட்டும் அங்க சொல்லிடாதீங்க மேடம். அந்தக் காலேஜ்ல இப்பதான் லைப்ரரியில இருந்த கதைப் புக்கையெல்லாம் மூட்டை கட்டிட்டு அந்த எடத்துல ட்ரெய்னிங் லேப் போட்டிருக்காங்க. அவங்க பிரின்சிபாலும் வராரு. சங்கடமாயிடும்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அங்கே அதை மட்டும்தான் சொல்லப் போகிறேன். ஸ்லைடு கிடையாது. பேசும்போது எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். பிரின்சிபாலுக்குச் சங்கடமானால் ஆகட்டும்.

நான் வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஊழியர்களின் குடியிருப்பில். அப்பா அங்கே கடைசல் பிடிக்கும் டர்னர். ஒரே வரிசையில் திருநெல்வேலிக்காரர் ஒரு வீடு, தருமபுரிக்காரர் ஒரு வீடு, பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரர். எல்லோரும் எல்லோருடனும் பேசுவார்கள், என்னைத் தவிர. எனக்கு மனிதர்களைப் பிடிக்காது. விருந்தாளி வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவேன். கல்லூரியில் எழுந்து நின்று ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் குரல் வராது. "இந்தப் பொண்ணுக்குப் பேச்சு வருமா வராதா?" என்று ஒரு விரிவுரையாளர் வகுப்பு முழுவதும் கேட்கும்படி விசாரித்திருக்கிறார். வகுப்பு சிரித்தது.

குடியிருப்பைத் தாண்டி ஒரு கிளை நூலகம் இருந்தது. 'பேசக் கூடாது' என்று எழுதிப் போட்டிருந்த ஒரே இடம் எனக்குத் தெரிந்து அதுதான். அதற்காகவே போனேன். சும்மா உட்கார்ந்திருக்க விட மாட்டார்கள் என்பதால் ஒரு நாவலைக் கையில் எடுத்தேன்.

அந்த நாவலில் ஒரு மாமியார் வருவாள். சமையலறைக்குள் மருமகளை விட மாட்டாள். கடுகு டப்பாவைக்கூடத் தொடவிட மாட்டாள். பாதிப் புத்தகம்வரை அவள் செத்தால் தேவலை என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஓர் அத்தியாயம் அவள் பக்கத்திலிருந்து தொடங்கியது. சின்ன வயதில் மூன்று உறவுக்காரர் வீடுகளில் மாறிமாறி வளர்ந்தவள். அடுப்படியில் உபயோகமாக இருக்கும்வரைதான் ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்குச் சோறு. அடுப்பை விட்டுக்கொடுத்தால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று கிழவியான பிறகும் அவளுக்குப் பயம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அங்கேயே அழுதேன். அழுததைவிட எனக்கு வந்த கோபம் பெரிது. இவ்வளவு பக்கமும் நான் ஒருத்தியை வெறுத்தேனே, எதை வைத்து வெறுத்தேன்?

அதன் பிறகு வெறி பிடித்ததுபோல் படித்தேன். படிக்கப் படிக்க ஒரு பழக்கம் வந்தது. எதிரில் யாராவது நின்றால், இவர் பக்கத்திலிருந்து ஓர் அத்தியாயம் எழுதினால் அது எப்படித் தொடங்கும் என்று யோசிப்பேன்.

அதை முதலில் பயன்படுத்தியது தெருக்குழாயில். கோயம்புத்தூர்க்காரர் வீட்டுப் பழனியம்மாள் அக்காவுக்கு எங்கள் வரிசையில் 'சண்டைக்காரி' என்று பெயர். குழாயடிக்கு வந்தாலே கத்தல். யாராவது எதையாவது சொன்னால், "என்னங்கறே? என்னங்கறே?" என்று எகிறிக்கொண்டு வருவார். ஒருநாள் குடத்துடன் நின்றபடி அவருடைய அத்தியாயத்தை மனதுக்குள் தொடங்கினேன். தொடங்கியதும் கண் தானாக அவர் முகத்துக்குப் போனது. அவர் யாருடைய கண்ணையும் பார்க்கவில்லை. எல்லோருடைய உதட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பவே இல்லை. எதிரில் இரண்டு பேர் சிரித்தால் அவர் முகம் சிவந்தது.

நான் அவருக்கு நேராக வந்து நின்று மெதுவாகக் கேட்டேன். "அக்கா, உங்க குடத்த நான் புடிச்சு வைக்கட்டுமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குடத்தைக் கொடுத்தார். தண்ணீர் நிறைந்து நான் தூக்கிக் கொடுக்கும்போது, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "இந்தக் காது சுத்தமாக் கேக்காது கண்ணு. அந்தக் காதும் பாதிதான். ஆருகிட்டயும் சொல்லீராதே, கேட்டியா?"

அவ்வளவு தணிந்த குரல் அவருக்கு உண்டு என்பது அந்த வரிசையில் யாருக்கும் தெரியாது. அவர் குடும்பம் ஊருக்குத் திரும்பும்வரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் நான் முதன்முதலில் ஒரு மனுஷியோடு பழகியது. வகுப்பில் சிரித்தவர்கள் யாரும் அதை எனக்குச் சொல்லித்தரவில்லை.

பட்டப்படிப்புக்குப் பிறகு பணியாளர் நிர்வாகத்தில் ஒரு பட்டயம் படித்தேன். அங்கே 'நேர்காணல் நுணுக்கங்கள்' என்று ஒரு பாடம். கண்ணைப் பார், தலையை ஆட்டு, புன்னகை செய். அதில் நான் தேர்ச்சி பெற்றதே பெரிய விஷயம். இன்றுவரை எனக்குக் கண்ணைப் பார்த்துப் பேச வராது. புதியவர் வந்தால் முதலில் மேசையைத்தான் பார்ப்பேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. பெயர் வேண்டாம். என்னை நேர்முகத் தேர்வில் எடுத்தவர் பர்சனல் மேனேஜர் மணவாளன்.

"பொழுதுபோக்கு என்னம்மா?"

"நாவல் படிப்பேன் சார்."

"கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று சிரித்தார். நான் அதிகம் பேசாதவள் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. வேலை கொடுத்ததற்கு அது ஒரு காரணம் என்று பின்னால் அவரே சொன்னார்.

மணவாளன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆபரேட்டரிலிருந்து தோட்டக்காரர்வரை எல்லோரையும் 'தம்பி' என்பார். ஒருவனை வேலையை விட்டு அனுப்ப முடிவு செய்துவிட்டால் அவனை அறைக்கு வரச்சொல்லி, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு, டீ வரவழைப்பார். குடும்பம் எப்படி இருக்கிறது, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரிப்பார். அவன் டீயை முழுவதும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, டம்ளரைக் கீழே வைத்ததும் கடிதத்தை மேசையில் தள்ளுவார். "மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தாரா? அப்ப கணக்கு முடிஞ்சுது மாமே" என்று ஆபரேட்டர்கள் பேசிக்கொள்வார்கள்.

நான் சேர்ந்த புதிதில் அவர் எனக்குச் சொன்ன பாடம் இது. "மனுஷன் மூணு வகை வசந்தா. பயப்படுறவன், ஆசைப்படுறவன், ரெண்டும் இல்லாதவன். முதல் ரெண்டு பேர வெச்சு வேலை வாங்கலாம். மூணாவது ஆளு உள்ள இருந்தா ஃபாக்டரி உருப்படாது. இதத் தெரிஞ்சுக்க நாவல் படிக்கணுமா?"

நான் வேலை பார்த்த காலம் முழுவதும் தேடினேன். அந்த மூன்று வகையில் ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை.

தகட்டை அச்சில் அடித்து வடிக்கும் பிரஸ் ஷாப்பில் தணிகாசலம் என்று ஒரு மூத்த ஆபரேட்டர். மாங்காட்டிலிருந்து வருவார். கையுறை கிழிந்துவிட்டது, கழிப்பறையில் தண்ணீர் இல்லை, என்ன பிரச்சினையானாலும் முன்னால் வந்து நிற்பார். மணவாளன் கணக்கில் அவர் மூன்றாவது வகை.

ஒரு மதியம், வேலை நடந்துகொண்டிருக்கும்போது அவர் தன் இடத்தை விட்டு ஓடிப்போய், சுவரோரம் இருந்த மெயின் ஸ்விட்சை அணைத்தார். ஷெட் முழுவதும் நின்றது. பெயின்ட் ஷாப்பில் பூச்சைச் சுடும் அடுப்புக்குள் இருந்த சரக்கு மொத்தமும் பாழ். வாசலில் காத்திருந்த லாரி பாதிச் சரக்கோடு போயிற்று. சூப்பர்வைசர் ஜெயபால் ஓடிவந்து யார் அணைத்தது என்று கேட்டபோது தணிகாசலம் சொன்னார்: "நான்தான் நிறுத்துனேன். இன்னா இப்போ?" அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அதற்கும் அதே பதிலை ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்.

மணவாளன் என்னைக் கூப்பிட்டார். "இது உன் முதல் என்கொயரி. விசாரணை அதிகாரியா நீயே உக்காரு. சுலபமான கேஸ், அவனே ஒத்துக்கிட்டான். கேளு, எழுது, கையெழுத்து வாங்கு. சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சுடும்."

இப்படிப்பட்ட உள்விசாரணைக்கு ஒரு முறை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு பக்கம், நிர்வாகம் ஒரு பக்கம், நடுவில் விசாரணை அதிகாரி. குற்றச்சாட்டைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். ஒத்துக்கொள்கிறாரா, மறுக்கிறாரா என்று கேட்க வேண்டும். துணைக்குச் சக தொழிலாளி ஒருவரை உட்காரவைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று சொல்ல வேண்டும். கேள்வியும் பதிலும் அப்படியே எழுதப்பட வேண்டும். எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, பக்கத்துக்குப் பக்கம் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, அன்றே ஒரு பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும். குற்றத்தை ஒத்துக்கொண்டால் சாட்சிகள்கூட வேண்டாம். அங்கேயே முடித்துவிடலாம்.

தணிகாசலம் துணைக்கு யாரும் வேண்டாம் என்றார். நான் படித்துக் காட்டினேன்.

"குற்றச்சாட்டை ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன்."

"எதுக்காக நிறுத்துனீங்க?"

"நிறுத்தணும்னு தோணுச்சு. நிறுத்துனேன்."

"இதுக்கு வேலை போகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். சீக்கிரம் எழுதுங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

வேலை போகப்போகிற மனிதர்களை அதற்குள் நான் பார்த்திருந்தேன். கெஞ்சுவார்கள், அல்லது சட்டம் பேசுவார்கள், அல்லது திட்டுவார்கள். இவர் அவசரப்படுத்தினார். பேனாவை என் கையிலிருந்து பிடுங்காத குறை. இப்படி முந்திக்கொண்டு பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறவர்களை நான் எத்தனையோ கதைகளில் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்குப் பின்னால் எப்போதும் இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார்.

பேனாவை மூடினேன். "சம்பவம் நடந்த எடத்தப் பாக்கணும். விசாரணைய வியாழக்கிழமைக்கு ஒத்திவைக்கிறேன்."

நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்திருந்த ஜெயபால் விழித்தார். "அவரே ஒத்துக்கிட்டாரு, அப்புறம் எதுக்கு மேடம்?"

"நான் பாக்கணும்."

பிரஸ் ஷாப்புக்குப் போய்த் தணிகாசலத்தின் மிஷின் முன்னால், அவர் நிற்கும் இடத்தில் நின்றேன். ஆபரேட்டர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவருடைய மிஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தன் மிஷினை நிறுத்த அவர் ஓட வேண்டியதே இல்லை. மெயின் ஸ்விட்சோ ஷெட்டின் கோடியில். அப்படியானால் அவர் நிறுத்த ஓடியது வேறு ஒரு மிஷினை. அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்தேன். ஒரு பக்கம் தூண். இன்னொரு பக்கம் சரக்குப் பெட்டிகளின் அடுக்கு. நேர் எதிரில் ஒரே ஒரு பிரஸ். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் பூந்தமல்லியிலிருந்து வரும் ரஷீத். புருவத்தில் புதிதாகப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கேயே கேட்டிருக்கலாம். ஆனால் ஜெயபால் என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் காதில் விழுவது மணவாளன் காதில் விழும். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று மட்டும் சொன்னேன். "வியாழக்கிழமை மறுபடி என்கொயரி. யாருக்காவது ஏதாவது சொல்லணும்னா அதுக்கு முன்னாடி என் ரூமுக்கு வரலாம்."

புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் ரஷீத் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"அண்ணாத்தேவ வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்களா மேடம்?"

"ரிப்போர்ட் எழுதுறது நான்தான். ஆனா அவரு என்ன சொன்னாரோ அதத்தான் எழுத முடியும்."

எனக்கு மௌனம் பழக்கமானதுதான், அதில் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியும். வெளியே பஸ்ஸுக்குக் கிளம்பும் கூட்டத்தின் சத்தம் ஓய்ந்தது.

"எனுக்கு ஃபிட்ஸ் வரும் மேடம்" என்றார்.

"முதல்ல எப்ப வந்துச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு நிறுத்தாமல் சொன்னார். "சின்ன வயசுல வந்துகினு இருந்துச்சு. அப்பால நின்னு போச்சு. மாத்திரைய வுட்டுட்டேன். அன்னிக்கு மிஷின்ல நின்னுகினு இருக்கச் சொல்லோ வந்துடுச்சு. கால் பெடல் மேல மாட்டிகிச்சு. மிஷின் அடிச்சிகினே கீது, என் கை அச்சு டைக்குள்ள போவுதாம். வரிசையில மத்தவங்க டீக்குப் பூட்டாங்க. அண்ணாத்தே பாத்துட்டாரு."

"உங்க மிஷின்ல செவப்பு பட்டன அழுத்தியிருக்கலாமே?"

"அது வேலை செய்யாது மேடம். ரொம்ப நாளா செய்யாது. அண்ணாத்தேதான் சூப்பர்வைசராண்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் பூட்டாரு. அதான் மெயினுக்கு ஓடுனாரு. அப்பால என்னைத் தூக்கிகினு போய் பொட்டிங்களுக்குப் பின்னால படுக்க வெச்சாரு. 'வாயத் தொறக்காத, ஊட்டுக்குப் போய் மாத்திரையப் போடு'ன்னாரு."

அவர் கைகளைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டார். "நான் சொன்னா என் வேலை பூடும். சொல்லாங்காட்டி அவுரு வேலை பூடும். நீங்க படிச்சவங்க. நான் இன்னா செய்யணும், சொல்லுங்க."

"நான் சொல்ல மாட்டேன் ரஷீத் பாய். ஒண்ணு மட்டும் உறுதி. நீங்க இனி பிரஸ்ல நிக்கக் கூடாது, அடுத்த தடவை கை போயிடும். ஆனா ஃபாக்டரிய வுட்டு உங்கள அனுப்பாம இருக்க நான் சண்டை போடுவேன். ஜெயிப்பேன்னு சொல்ல முடியாது."

அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் வருவாரா என்று எனக்குத் தெரியாது. இரவு சரியாகத் தூங்கவில்லை.

வியாழக்கிழமை விசாரணை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ரஷீதைப் பார்த்ததும் தணிகாசலம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"நீ இன்னாத்துக்குடா வந்த? உனுக்கு அறிவு கீதா? போடா வெளிய!"

"முடியாது அண்ணாத்தே."

"நான் ஒத்துக்கினு ஆச்சுடா! எனுக்கு மாங்காட்டுல சொந்த ஊடு கீது, எதுனா ஒரு கடை வெச்சுப் பொழச்சிக்குவேன். உனுக்கு இன்னாடா கீது?"

"எனுக்குக் கை கீது" என்றார் ரஷீத். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார். "நீ ஓடலைன்னா இது இருக்காது. உக்காரு."

தணிகாசலம் உட்கார்ந்தார். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை எல்லோரும் பார்த்தோம். ஜெயபாலும்தான். நான் எழுத வேண்டியவள், எழுதினேன். ரஷீத் சொன்னதை எழுதினேன். சிவப்புப் பட்டன் பழுது என்பதை எழுதினேன். "இது உண்மையா?" என்று ஜெயபாலைக் கேட்டேன். அவர், "உண்மைதான் மேடம்" என்றார். அதையும் எழுதினேன். திரும்பப் படித்துக் காட்டி, பக்கம் பக்கமாகக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைத் தணிகாசலம் கையில் கொடுத்தேன்.

தணிகாசலம் செய்தது உயிரைக் காக்கும் செயல், ஒழுங்கீனம் ஆகாது என்று அறிக்கை கொடுத்தேன். மறுநாள் மணவாளன் என்னை அழைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார்.

டம்ளர் என் முன்னால் வந்து உட்கார்ந்தது. தொடவில்லை.

"அப்பாவுக்கு உடம்பு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்காரு சார். விஷயத்தச் சொல்லுங்க."

அவர் அறிக்கையை விரித்தார். "இதுல செவப்பு பட்டன் எதுக்கு வருது? எல்லா மிஷினும் பாதுகாப்பா இருக்குன்னு போன மாசம்தான் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தப் பத்திய எடுத்துடு. தணிகாசலம் வேலைய நான் காப்பாத்தித் தரேன். ரஷீத மட்டும் மருத்துவக் காரணம் காட்டி அனுப்பிடலாம். அவனுக்கும் நல்லதுதானே?"

அந்த நிமிடம் நான் மணவாளனின் அத்தியாயத்தையும் யோசித்துப் பார்த்தேன். முதலாளியின் அறைக்குள் அவர் எப்படிக் கூனிக்கொண்டு நிற்பார் என்று நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்தக் கையெழுத்து வெளியே வந்தால் அவருடைய இத்தனை வருட நாற்காலி ஆடும். அவர் பயந்திருந்தார், எனக்கு அவர்மேல் நிஜமாகவே இரக்கம் வந்தது. மனிதர்களைப் புரிந்துகொள்ளும் திறமை என்றால் கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவது என்று இப்போது ஸ்லைடு போடுகிறார்கள். அவரை நன்றாகப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டுதான் முடியாது என்றேன்.

"பட்டன் இருக்கும் சார். ரஷீதும் இருப்பாரு. டூல் ரூம்ல ஆள் வேணும்னு கேட்டிருக்காங்க, அங்க போடலாம்."

"நான் சொல்றபடி மாத்தி எழுத முடியலைன்னா வேலைய விட்டுட்டுப் போறியா?"

"இல்ல சார். ராஜினாமாவும் பண்ண மாட்டேன், ரிப்போர்ட்டையும் மாத்த மாட்டேன். விசாரணைப் பிரதி தணிகாசலம் கையில இருக்கு. அதுல ஜெயபால் சாரோட கையெழுத்தும் இருக்கு."

அவர் பேனாவுக்கு மூடியைப் போட்டார். முதன்முறையாக அவர் குரல் நடுங்கியது. "கதை படிச்சு கதை படிச்சுக் கெட்டுப்போயிட்ட நீ."

"ஆமா சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

தணிகாசலம் வேலைக்குத் திரும்பினார். அந்த வாரமே எல்லா பிரஸ்ஸிலும் பட்டன்களைச் சரிசெய்தார்கள். ரஷீதை டூல் ரூமுக்கு மாற்றினார்கள், கருவிகளை எடுத்துக் கொடுக்கும் கவுன்டருக்கு. அதற்காக அவர் எனக்கு நன்றி சொல்லவில்லை. பிரஸ் ஆபரேட்டராக இருந்தவர் அவர், அதில் அவருக்குப் பெருமை இருந்தது. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தணிகாசலம் ஒருமுறை, "வுடுங்க மேடம், அவன் அப்பிடித்தான்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். எனக்குச் சமாதானம் தேவைப்படவில்லை. கோபப்பட ரஷீதுக்கு எல்லா நியாயமும் இருந்தது. நல்லது செய்தவர்களைப் பார்த்தாலே எரிச்சல் வருகிற மனிதர்கள் கதைகளில் நிறைய வருவார்கள். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.

ஆண்டு இறுதியில் என்னைப் பற்றிய மதிப்பீட்டை மணவாளன் எழுதினார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். 'கதைப் புத்தகங்கள் படிக்கும் பழக்கம் உள்ளவர். மனிதர்களைக் கையாள்வதில் உறுதி போதாது' என்று இருந்தது. அதன் கீழே எழுதினேன்: 'முதல் வரி உண்மை. இரண்டாவது வரியை மறுக்கிறேன்.' கையெழுத்துப் போட்டு அவர் மேசையிலேயே வைத்தேன்.

அவர் அதைப் படித்தார். "இதுக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் சார்."

பதவி உயர்வு என்னைவிட இளையவருக்குப் போயிற்று. எனக்குத் திருமழிசை யூனிட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அப்போது அங்கே போவதைத் தண்டனை என்றுதான் சொல்வார்கள். எஸ்டேட்டைச் சுற்றி வயல், நெடுஞ்சாலையில் இறங்கி வெயிலில் நடக்க வேண்டும், கேன்டீன்கூடச் சரியாகக் கிடையாது. அப்பா வேலையை விட்டுவிடு என்றார். விடவில்லை. ஆவடியிலிருந்து கிளம்பி, பூந்தமல்லியில் பஸ் மாறி, போகிற வழியெல்லாம் படித்துக்கொண்டே போய் இறங்கினேன்.

திருமழிசை யூனிட்டின் தலைவர் என்னை உட்காரச் சொன்னார். அவருக்கு முன்கூட்டியே எல்லாம் சொல்லப்பட்டிருந்தது, முகத்திலேயே தெரிந்தது.

"உங்களப் பத்தி மணவாளன் சார் சொன்னாரு. கதைப் புக்கெல்லாம் நிறையப் படிப்பீங்களாமே?"

"ஆமா சார்."

"இங்க அதெல்லாம் சரிப்படாது. இங்க இருக்கிறவங்க முரட்டு ஆளுங்க. தினமும் ஒரு தகராறு."

அவர் காட்டிய மேசையில் போய் உட்கார்ந்தேன். பையைத் திறந்து, பஸ்ஸில் பாதி படித்திருந்த நாவலை எடுத்து, உள்ளே வருகிற எவர் கண்ணிலும் முதலில் படும்படி மேசையின் நடுவில் வைத்தேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "இது ஆபீஸ் மேடம்."

"தெரியும் சார். அதனாலதான் கொண்டுவந்தேன்."